கெந்திங் ஏறிய வீடு

கோதோங் ஜெயா, கெந்திங் மலை,
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. விநாயகமூர்த்தி அவர்களுக்கு,

கிள்ளான் ஏகாம்பரம் பணிவன்புடன் எழுதுவது. பிரிக்ஃபீல்ட்ஸில் தாங்களும் சம்பந்தியம்மாளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி தெய்வானையும் சுகம். உங்கள் மருமகளான என் மகள் மாதவியும் வயிற்றுப்பிள்ளையும் சுகம். என் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமும் சுகம். வண்டியின் சுகத்தைத் தனியாக எழுதக் காரணம் உண்டு.

போன வாரம் வளைகாப்புப் பந்தியில், பாயசம் பரிமாறும் நேரத்தில், நூறு பேர் காதில் விழும்படி நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது ஏறாது, சம்பந்தி. தொண்ணூறு குதிரைய வச்சுக்கொண்டு ஒரு வீட்டை இழுக்க ஏலுமா? பிள்ளைய எங்கட காரே கூட்டிக்கொண்டு வரட்டும். பிரசவம் பிரிக்ஃபீல்ட்ஸ்லயே நடக்கட்டும்" என்றீர்கள். தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அதை ஓர் இஞ்சினுக்காக விட்டுக்கொடுப்பதா? மாதவி குடியிருக்கும் கெந்திங் மலையில் வண்டி ஏறினால் அவள் கிள்ளானுக்கு, ஏறாவிட்டால் உங்கள் வீட்டுக்கு என்று அங்கேயே கைகழுவும் இடத்தில் பேசி முடித்தோம். கிரிதரன் மாப்பிள்ளை பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

ஐயா, அரசாங்கத்தில் பெரிய பொறியாளராக இருந்தவருக்கு நான் சொல்லக் கூடாது. துறைமுகத்தில் கிடங்குக் கணக்கு எழுதியவன் நான். ஆனாலும் பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடமாக இதையே படித்து, பார்த்து, கனவும் கண்டு வருகிறேன். எத்தனை குதிரைத்திறன் என்பது வண்டி எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதைத்தான் சொல்லும். ஏறுமா ஏறாதா என்பதை முறுக்குவிசையும் கியரும் தீர்மானிக்கும். சின்ன கியரில் சக்கரம் மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமாகச் சுற்றும். பத்துமலைப் படியை உங்கள் மகன் ஓடியே ஏறுவார், தெய்வானை ஏழு இடத்தில் உட்கார்ந்து ஏறுவாள். இரண்டு பேருக்கும் முருகன் ஒருவன்தானே.

நேற்று விடியலில் புறப்பட்டோம். பழைய பள்ளி வேனைக் கட்டில், அடுப்பு, சாமி மாடம் எல்லாம் வைத்து வீடாக்கிக் கொடுத்த காப்பார் பட்டறை கிஷன், பாரத்தைக் குறையுங்கள் அங்கிள் என்று சொல்லித்தான் அனுப்பினான். தெய்வானை கேட்பாளா? கோதோங் ஜெயா தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆகாது என்று தொட்டி நிறையக் கிள்ளான் தண்ணீரைப் பிடித்துவிட்டாள். அரிசி மூட்டை, கிரைண்டர், இரண்டு டின் அதிரசம். கோம்பாக் வரை வண்டி ராஜநடை போட்டது. ஏற்றம் தொடங்கியபோது பார்க்கிறேன், இராகு காலத்துக்கு அரை மணிகூட இல்லை. அதற்குள் மகள் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் மூன்றாம் கியரைக் குறைக்காமல் மிதித்தேன். இஞ்சின் முனகியது, பிறகு இருமியது, பிறகு ஒரு வளைவின் நடுவில் நின்றேவிட்டது. பின்னால் சுற்றுலா பஸ், அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ ஹாரன். வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தபோது எனக்குக் கண்ணில் தெரிந்தது பள்ளம் இல்லை, உங்கள் முகம்.

கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தெய்வானையைப் பார்த்தேன். அவள் இறங்கிப் போய், தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டாள். கிள்ளான் தண்ணீர் முழுவதும் கெந்திங் சாலையில் ஓடியது. ஏறி உட்கார்ந்து, "இப்ப சின்ன கியர்ல போடுங்க லா, இராகு காலத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள். கியர் கம்பி அடம்பிடித்தது. இரண்டு கையாலும் பிடித்து முதல் கியரில் தள்ளினேன். வண்டி அசைந்தது, சம்பந்தி. நின்ற இடத்திலிருந்து, அந்தச் செங்குத்தில், ஒரு வீட்டையே சுமந்துகொண்டு அசைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேகம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளில் வந்த சீனப் பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டும்போது தெய்வானை ஜன்னல் வழியாக அதிரசம் நீட்ட, அவர் வாங்கித் தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு முன்னே போனார். ஆனால் வண்டி நிற்கவில்லை. மாதவி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் நிறுத்தினேன். அவள் பால்கனியில் நின்று கைதட்டினாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

ஆகவே ஒப்பந்தப்படி நாளை காலை மாதவியைக் கிள்ளானுக்கு அழைத்துப் போகிறோம். உங்கள் காருக்கு வீண் சிரமம் வேண்டாம். இக்கடிதத்தை மாப்பிள்ளை இன்று நேரில் தருவார். போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவீர்கள், அதனால்தான் எழுத்து. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். பத்துமலையான் இரு குடும்பத்தையும் ஒன்றாக வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மலையேறிய
கா. ஏகாம்பரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் வண்டியைச் சற்று நகர்த்திப் பார்த்தேன். கியர் முதலாவதைவிட்டு வெளியே வர மறுக்கிறது. கிஷனைப் போனில் கேட்டால், உள்ளே ஏதோ வளைந்துவிட்டது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்கிறான். நாளைக்கு உங்கள் காரை அனுப்ப முடியுமா? மூன்று பேருக்கு இடம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மாதவி மட்டும் வரட்டும். கிள்ளானா பிரிக்ஃபீல்ட்ஸா என்பதை அவளே சொல்லட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். தயவுசெய்து நீங்களே ஓட்டி வாருங்கள். உங்கள் கார் ஆட்டோதான், தெரியும். இருந்தாலும் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் வைத்து இறங்குங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பது என் பிள்ளை.