அஞ்சாவது விஷயம்

கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய முடிவு ஒன்றுக்கு வந்தார். இனிமேல் ஒரு நாளில் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது.

அவர் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். பதினோரு வருஷமாக அதே மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். பெரிய தகட்டைப் போட்டு, இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று கோடு இழுத்தாரானால் மிச்சம் விழுவது உள்ளங்கை அகலம்கூட இருக்காது. தகட்டை வெட்டத் தெரிந்தவனுக்கு ஒரு நாளை வெட்டத் தெரியாதா என்று அவர் நினைத்தார். அதில்தான் வந்தது வினை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அதற்காக ஓட ஆரம்பித்தார். முதலில் தெருமுனை வரை. அப்புறம் பாலம் வரை. அப்புறம் பாலத்தைத் தாண்டி எங்கேயோ. கூட ஓடுகிற தபால்காரர் ஒருநாள் சொன்னார், "வெறும் ஓட்டம் முட்டியைத் தின்னுடும்யா. கைக்கும் ஒரு விளையாட்டு கத்துக்க. ஷட்டிலுக்கு வா."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் மகள் சிட்டுவுடைய கலர் பென்சிலை எடுத்தார். அளவுகோலை எடுத்தார். ஒரு முழுத் தாளில் நாளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டார்.

அவர் மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"இது என்னங்க?"

"நம்ம நாள். வெட்டிட்டேன். காலையில அஞ்சுல இருந்து ஆறரை ஓட்டம், நீலம். அப்புறம் கடை, மஞ்சள்."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"சாயங்காலம் ஏழுல இருந்து ஏழரை. பச்சை. குடும்ப நேரம்."

"நானும் சிட்டுவும் சேர்ந்தா?"

"ஒரே துண்டுல ரெண்டு பேர். வேஸ்ட் இல்ல பாரு."

"இந்தச் சிவப்பு?"

"ஷட்டில். ஏழரையில இருந்து ஒன்பது வரைக்கும்."

"ஒன்றரை மணி நேரம் இருக்கே."

"புதுசு இல்லையா? புதுசுக்கு நேரம் வேணும்."

"சரிதான். நான் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. பழசுக்கு அரை மணி போதும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால் அவரும் சிரித்தார். பெண்டாட்டி சிரித்தபடி சொல்வதை எல்லாம் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிற ரகம் அவர்.

"ஒண்ணே ஒண்ணு. பச்சைக் கட்டத்துல போன் இருக்கக் கூடாது. கையில இருக்கிற அந்தக் கடிகாரமும் கூடாது."

"அது நான் எத்தனை அடி வெச்சேன்னு எண்ணுது."

"உக்காந்திருக்கும்போது எத்தனை அடிங்க வைப்பீங்க?"

"நேரம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அடுப்படியில் இருந்த டைமரை எடுத்து வந்து வைத்தாள். முட்டை மாதிரி இருக்கும். முப்பதுக்குத் திருகி வைத்தால் டிக் டிக் என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கிர்ர்ர் என்று அடிக்கும். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடைப் பெருமையில் இறங்கிவிட்டார்.

"எங்க கடையில மணியே கிடையாது தெரியுமா? படம் கொண்டு வர்றவங்க அந்தப் படத்தைப் பத்திச் சொல்லுவாங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் நிக்கணும். கடிகாரத்தைக் கழட்டி டிராயர்ல போட்டுடணும், முதலாளி உத்தரவு. ஒரு அம்மா கல்யாணப் படத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணேகால் மணி நேரம் பேசினாங்க. அசையலையே நான்."

"அப்படியா," என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து ஏழு மணி அடித்தால் வீட்டில் ரெண்டு வேலை நடந்தது. கண்ணாடிக்காரர் டைமரைத் திருகிவிட்டுத் தரையில் உட்காருவார். அவர் மனைவி குளியலறைப் பக்கம் போய் அன்றைய துணியை மெஷினில் போட்டு, சின்னச் சுற்றுக்குத் தட்டிவிடுவாள். அதுவும் அரை மணி. அப்புறம் அவளும் வந்து மகளுக்குப் பின்னால் உட்காருவாள்.

சிட்டுவுக்கு ஏழு வயசு. அப்பாவின் அட்டவணையைப் பார்த்து அவளும் ஒன்று போட்டாள். அப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள், ஒன்று முதல் அஞ்சு வரை, துண்டுத் தாளில். ஒன்று, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது. ரெண்டு, யார் யாரை அடித்தார்கள். மூணு, ஒரு பாட்டு. நாலு, ஒரு கணக்கு. அஞ்சாவதாக எப்போதும் ரொம்பப் பிடித்ததை வைப்பாள். சாப்பிடும்போதும் அப்படித்தான். தட்டில் நல்லதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை முழுங்கித் தீர்ப்பாள்.

முதல் வாரம் எல்லாம் சரியாகப் போனது. சிவப்புக் கட்டத்தில்தான் கோளாறு.

ஓட்டத்தில் யானைப் பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஷட்டில் மைதானத்தில் இறங்கிய கண்ணாடிக்காரருக்குக் கால் எல்லா இடத்துக்கும் போனது. மட்டைதான் பந்து இருக்கும் இடத்துக்குப் போகவில்லை. பந்து ஒரு பக்கம் விழும். அவர் இன்னொரு பக்கம் காற்றை ஓங்கி அறைவார்.

"உனக்குக் கால் ரெண்டும் வேலை செய்யுது," என்றார் தபால்காரர். "கையை வீட்டுல வெச்சுட்டு வந்துடுற."

கற்றுக்கொடுக்கிறவர் ஒரு விஷயம் சொன்னார். ஏழே முக்காலுக்கு நன்றாக ஆடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வருகிற புது ஆட்களுக்கு மட்டும்தான் முழு மைதானம். தாமதமாக வந்தால் ஓரமாக நின்று சுவரில் அடிக்கலாம். வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பத்து நிமிஷ ஓட்டம். கண்ணாடிக்காரர் போய்ச் சேர்ந்து, ஷூ மாற்றி, மட்டையை எடுப்பதற்குள் நல்ல ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வாரம் முழுக்க அவர் சுவரோடுதான் விளையாடினார். சுவர் ஜெயித்தது.

ஒரு எட்டு நிமிஷம் கிடைத்தால் போதும் என்று மனசு கணக்குப் போட்டது.

அடுத்த திங்கட்கிழமை சிட்டு கணக்கு நோட்டை எடுக்க உள்ளே ஓடினாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் தரையில் எதையோ தட்டிவிடுகிற மாதிரிக் கையை நீட்டி, முட்டையை எட்டு நிமிஷம் குறைத்துத் திருகிவிட்டார். கண்ணாடியில் அரை நூல் பிசகாத கை. ஒரு சத்தம் இல்லை.

நாலாவது விஷயம் முடியும்போது கிர்ர்ர்.

"அப்பா, அஞ்சாவது இருக்கு."

"மணி அடிச்சிடுச்சே கண்ணு. நாளைக்கு முதல் வேலை அதுதான்."

ஆனால் நாளைக்கு முதல் வேலை ஒன்றாவது விஷயம்தான். அவள் வரிசையை மாற்றுகிற பிள்ளை இல்லை. அப்பாவுடைய மகள்.

இப்படி மூணு வாரம் ஓடியது. கண்ணாடிக்காரருக்கு முழு மைதானம் கிடைத்தது. பந்து மட்டையில் பட ஆரம்பித்தது. பட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது சிட்டு தூங்கியிருந்தாள். மனைவி, "நல்லதுங்க," என்று சோற்றைப் போட்டாள்.

நடுவில் ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. மகள் வாயைச் சரியாகத் திறந்து பேசுவதில்லை. பாட்டைக்கூட உதட்டை மூடிக்கொண்டு முனகினாள். சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொண்டாள்.

"இவளுக்கு என்ன ஆச்சு? திடீர்னு வெக்கமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்ககிட்டத்தான் சொல்லணுமாம்," என்றாள் மனைவி.

"சொல்லச் சொல்லு, நாளைக்கு," என்று ஓடிவிட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். கண்ணாடிக்காரர் குனிந்து ஒரு தகட்டில் கோடு இழுத்துக்கொண்டே, "அடுத்த ஆள் வாங்க," என்றார். யாரும் பேசவில்லை. நிமிர்ந்தார். மேஜைக்கு நேர் எதிரே ஒரு தலையும் தெரியவில்லை. ஒரு சின்னக் கை மட்டும் கீழே இருந்து ஏறி வந்து ஒரு தீப்பெட்டியை வைத்தது.

"இதுக்குக் கண்ணாடி போடணும்."

எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட உடுப்போடு சிட்டு. சற்றுத் தள்ளி ஓரமாக, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி.

"என்னம்மா இது, கடையில வந்து? நான் வேலையா இருக்கேன்."

"நாங்களும் கஸ்டமர்தாங்க," என்றாள் அவள் மெதுவாக. "வரிசையில நின்னுதான் வந்தோம். எல்லார்கிட்டயும் கேக்கிறதை எங்ககிட்டயும் கேளுங்க."

கல்லாவில் இருந்த முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடிக்காரருக்கு வேறு வழி இல்லை.

"என்ன பொருள்? எப்போ உள்ளது? எங்க மாட்டப் போறீங்க?"

சிட்டு தீப்பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்கு நடுவில் அரிசி போல ஒரு பல்.

"என்னோட முதல் பல். பரீட்சைக்கு முன்னாடியே ஆடிச்சு. நாக்கால தள்ளிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ரொட்டி கடிச்சப்போ ரொட்டியிலேயே ஒட்டிக்கிச்சு. ரத்தம் வந்துச்சு. நான் அழல. டீச்சர் கழுவிக் குடுத்தாங்க. யாருக்கு முதல்ல காட்டப் போறேன்னு கேட்டாங்க. அப்பாவுக்குன்னு சொன்னேன். அதனால யாருக்கும் வாயைத் திறந்து காட்டல. அம்மா மட்டும் பாத்துட்டாங்க, தூங்கும்போது."

நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். டிக் டிக் இல்லை. பின்னால் நின்றவர்கள்கூட நகரவில்லை. முதலாளி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்போடா விழுந்துச்சு?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பதினோரு நாள் ஆச்சு. தினமும் அஞ்சாவதா வெச்சிருந்தேன்."

வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் ஈறைக் கீறிக்கொண்டு, நூல் அகலத்துக்கு வெள்ளையாகப் புதுப் பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்க்க வேண்டிய ஓட்டை ஏற்கெனவே மூட ஆரம்பித்திருந்தது.

"முட்டையைத் திருகலாங்க," என்றாள் மனைவி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மெஷினைத் திருக முடியாது. நீங்க போனதுக்கப்புறம் எட்டு நிமிஷம் அது சுத்திக்கிட்டே இருக்கும். அது நிக்கிற வரைக்கும் அப்பாவோட நேரம்தான்னு இவ தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு அது முன்னாடி உக்காந்திருப்பா. துணி சுத்தறதையே பாத்துக்கிட்டு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னொரு கட்டம் வரைஞ்சிருப்பீங்க."

அவர் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்ட உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி கோணலாக உடைந்தது. ரெண்டாவதும் உடைந்தது. மூணாவதைத்தான் சட்டத்துக்குள் வைக்க முடிந்தது. சிட்டு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "ரொம்ப நன்றி," என்றும் சொன்னாள். கடைக்காரர்களுக்குச் சொல்வது போல.

அன்றைக்கு மாலை கண்ணாடிக்காரர் முதலாளியிடம் கேட்டுச் சீக்கிரம் கிளம்பினார். வழியில் தபால்காரரைப் பார்த்து, இனிமேல் ஷட்டிலுக்கு வரமாட்டேன் என்றார். தபால்காரர் அவர் தோளைத் தட்டி, "ஆட்டத்துக்கு நல்லதுதான்யா," என்றார். ஓட்டத்தைக்கூட வாரத்துக்கு மூணு நாளாகக் குறைத்துவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனசுக்குள் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. எவ்வளவு பெரிய தியாகம். எந்த அப்பா செய்வான்.

ஏழு மணி. முட்டையை எடுத்து அலமாரிக்குள் தள்ளி மூடினார். சிவப்புக் கட்டத்தின்மேல் பச்சைப் பென்சிலால் தீட்டினார். மனைவி மெஷினைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் தரையில் சம்மணம் போட்டு, மகளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சிட்டு, இன்னைக்கு மணி கிடையாது. அப்பா எங்கேயும் போகல. அஞ்சு என்ன, அம்பது விஷயம் சொல்லு. சொல்லு கண்ணு."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா துணி மடிப்பதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள், பெரிய மனுஷி மாதிரி.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கு. எல்லாத்தையும் கடைக்கு எடுத்து வெச்சுட்டேன்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தபடியே இருந்தார். உள்ளே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதற்கு முன்னால் தெரியாது. கடைசியில் அது நின்றதும் மனைவி எழுந்தாள். ஈரத் துணிக் கூடையை அவர் மடியில் வைத்தாள்.

"காயப் போட்டுட்டு வாங்க," என்றாள். "நாளைக்கு நாலு மணிக்கு நாங்க கடைக்கு வர்றோம். கடிகாரத்தை டிராயர்ல போட்டு வைங்க."