முகம் காட்டாத மணல்குளவி

அன்பு மகள் ஹொனாமிக்கு,

மழைக்காலம் ஓய்ந்து சில்வண்டுகள் காதைத் துளைக்கும் இவ்வேளையில் நீ நலமாயிருப்பாய் என நம்புகிறேன். நானும் நலமே, உள்ளங்கால்கள் நீங்கலாக. நேற்று உச்சிவெயிலில் கடற்கரையிலிருந்து வீடுவரை வெறுங்காலோடு வந்தேன். எதிர்வீட்டு குவபாரா அம்மாள் குடையைச் சாய்த்துப் பார்த்து, "என்னங்க, வீட்டம்மா துரத்திவிட்டுட்டாங்களா?" என்றாள். குனிந்து வணங்கிவிட்டு ஓடினேன். தார்ச்சாலையில் நின்று பதில் சொல்ல முடியுமா?

நடந்தது இதுதான். உன் பூச்சி ஆராய்ச்சிக்கு நீ கேட்ட மணல்குளவிப் படங்களுக்காகப் பாய் விரித்து, வழக்கம்போல் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்து உட்கார்ந்தேன். செருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குளவி வளை தோண்டியது. பிறகு வளையை மூடி, மேலே வட்டமடித்து, என் செருப்பை நன்றாக அடையாளம் பார்த்துக்கொண்டு, பிறக்கப்போகும் குஞ்சுக்கு ஈ பிடிக்கப் போய்விட்டது. கிளம்பலாமென்று செருப்பை எடுத்தேனா, ஈயோடு திரும்பி வந்தது வாசல் தெரியாமல் தவியாய்த் தவிக்கிறது! மறுபடி வைத்தேன், நேராக வந்து இறங்கியது. அப்புறம் எந்தத் தகப்பனுக்குச் செருப்பை எடுக்க மனசு வரும், நீயே சொல்லு.

படங்கள்தான் சரியில்லை. முதுகு, மணல், என் கட்டைவிரல். நீயோ போனில், "முதுகை வெச்சு எந்த இனம்னு சொல்ல முடியாதுப்பா. முகம் வேணும், வயித்துப் பட்டை வேணும், முன்னங்கால் முடி வேணும்"ங்கிறே. அத்தை கொண்டுவந்த மாப்பிள்ளை படத்தை உறைகூடப் பிரிக்காமல் திருப்பியனுப்பினவள்! "அவன் வங்கியிலே வேலை பார்க்கிறான், குளவி என்ன பார்க்குது?" என்றேன். "அது ஈயாவது பிடிக்குது" என்கிறாய்.

"படம் தெளிவா இருந்தா இங்கேருந்தே முடிச்சிடுவேன். இல்லேன்னா ஓபோன் பண்டிகை விடுமுறைக்கு நானே வந்து பார்க்கணும்" என்று அலுத்துக்கொண்டாயே, என்ன செய்வது? உன் அப்பனுக்குக் கை நடுங்குகிறது, குளவியும் முகம் கொடுக்கமாட்டேன் என்கிறது. நீதான் வரவேண்டியிருக்கும்.

தொப்பியில்லாமல் வெயிலில் அலையாதே. தூங்கும்போது வயிற்றைக் குளிரவிடாதே. எல்லாத் தெய்வங்களும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா கோசாகு

பின்குறிப்பு: கை நடுக்கமெல்லாம் இல்லை, பதறாதே. முகம், பட்டை, கால்முடி எல்லாம் பளிச்சென்று விழுந்த படம் முதல்நாளே கிடைத்துவிட்டது. அதன்பிறகு மங்கலாக எடுக்கத்தான் பாடுபட்டேன். முன்னோர் ஆவிகள் வீடு திரும்பும் பண்டிகையாச்சே ஓபோன்; போன வருஷம் அதற்கு, என்றோ செத்துப்போன தாத்தாக்களே தவறாமல் வீட்டுக்கு வந்து போனார்கள், நீ வரவில்லை. போனை வைக்கும்போது "வேற ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லே" என்றேன். வாசலில் உன் செருப்பு, நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. யாரையும் எடுக்க விடவில்லை.