கப்பல் வந்த சனிக்கிழமை

1946 ஆகஸ்டு, சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. பன்னிரண்டு பாகப் படத்தில் பதினொன்று பார்த்தாயிற்று. என் பெயர் காசிலிங்கம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் மூட்டை எண்ணும் கணக்குப்பிள்ளை.

வாரம் ஒரு பாகம். நாயகன் வானத்தில் பறப்பான். ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். கால்சட்டைக்கு மேலே கோவணம் கட்டியிருப்பான். யாரும் ஏனென்று கேட்பதில்லை. அவன் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும், அடி முழுக்கப் புரியும். வில்லனின் முகமூடிக்குள் இருப்பது யார் என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும். கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போன படக்கதைப் புத்தகத்திலும் இதே கதை இருந்தது. அதன் கடைசித் தாளில் என் மனைவி செண்பகம் பெருங்காயம் மடித்துவிட்டாள்.

அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனால் தெருவே கூட வரும். ஆகவே வாரா வாரம் "கப்பல் வந்திருக்கு" என்று கிளம்பிவிடுவேன். எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரக் கடலில் நிற்கும். சரக்கைத் தோணியில் போய் எடுக்க வேண்டும். அங்கே எந்தப் பெண்டாட்டி தேடி வருவாள்?

ஒன்றை மறந்துவிட்டேன். செண்பகம் தோணிக்காரர் மகள்.

போன சனிக்கிழமையே கேட்டாள்.

"இன்னைக்குமா கப்பலு?"

"ஆமாளா. ஏகப்பட்ட மூட்டை."

"கச்சான் காத்து கூரையப் பிடுங்குது. எங்கப்பா தோணி நாலு நாளா நங்கூரம் எடுக்கல. நீங்க எதுல போறிய? பறந்தா?"

"கம்பெனி தோணி பெருசுளா."

சிரித்தாள். பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காற்று அடங்கியிருந்தது. தலை சீவிக்கொண்டிருந்தேன். வாசலில் மைத்துனன் நயினார், மாமனாரின் தோணியை ஓட்டுகிறவன்.

"அத்தான், பொறப்படுங்க. அரிசிக் கப்பல் நிக்கி. விடிய விடிய வேலை."

"வேற கணக்குப்பிள்ளை இல்லியா மாப்ளே?"

"அக்காதான் சொன்னா. 'சனிக்கிழமைன்னா அத்தான் கப்பல் வேலைக்கு உசிரக் குடுப்பாக, விட்டுட்டுப் போயிராதே'ன்னு. மேனேஜர்ட்டயும் சொல்லிட்டேன். மனுசன் அசந்துட்டாரு."

"ஏளா செண்பகம், எனக்குத் தலைய வலிக்கி."

"பதினோரு வாரமா வராத தலைவலி! கடக்காத்து பட்டாச் சரியாப் போவும்." சோற்றுத் தூக்கைக் கையில் திணித்தாள். தலையில் மல்லிகைப்பூ புதிதாக இருந்தது.

கப்பல் தட்டிலிருந்து பார்த்தால் சினிமாக் கொட்டகை விளக்கு நன்றாகத் தெரிந்தது. அணைந்ததும் தெரிந்தது. நான் மூட்டை எண்ணினேன்.

காலையில் வந்து படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சீனித்தாயின் குரல்.

"முகமூடியக் கழத்துனா அவனாளா! நான் நெனைக்கவே இல்ல!"

"மெதுவாப் பேசு. அவுக தூங்குதாக." இது செண்பகம்.

எழுந்து உட்கார்ந்தேன். எவன் என்று கேட்டால் பதினோரு வாரமும் சேர்ந்து வெளியே வரும். மத்தியானம் வரைதான் தாங்க முடிந்தது.

"என்னளா, யாரைப் பத்திப் பேசிட்டிருந்திய?"

"அது சினிமாக் கதை. கப்பல்ல மாடா உழைக்கிற மனுசனுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று ரசம் ஊற்றினாள். பெருங்காயம் கமகமத்தது.

1949 மார்ச்சில் அந்தப் படம் மறுபடியும் ஊருக்கு வந்தது. கடைசிப் பாகம் ஓடிய சனிக்கிழமை, கப்பலும் வந்தது.