பல் டாக்டரின் கைராசி

"அங்க என்ன பண்றீங்க?"

பால்கனியில் குனிந்திருந்த பல் டாக்டர் திடுக்கிட்டார். வலது கை நிறைய யூரியா. எதிரே தொட்டியில் நிலவேம்புச் செடி.

"செடிக்கு உரம் போடறேன்," என்றார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து மனுஷர் ஒரு செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

உண்மையில் அவர் செய்ய வந்தது கொலை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று தெரிந்ததிலிருந்து, தினமும் காலையில் அந்தச் செடியின் கஷாயம்தான். ஊரார் வாயையெல்லாம் பயப்படாமல் திறக்கச் சொல்கிறவர், மனைவி டம்ளரோடு வந்து "வாயைத் திறங்க" என்றால் நடுங்கினார். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அவள் தன் அப்பாவைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்தவள். அவளிடம் போய் கசக்கிறது என்று எப்படிச் சொல்வது? செடியே செத்துவிட்டால் யார் மேலும் பழி இல்லை.

உரம் விற்ற நர்சரிக்காரர் எச்சரித்துத்தான் அனுப்பினார். "மூலிகைக்கு ஒரு சிட்டிகை போதும் சார், நல்லா தழைக்கும். கை நிறையப் போட்டா விடியறதுக்குள்ள வேரோட கருகிடும்."

டாக்டர் பின்பாதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்.

குற்ற உணர்ச்சியில் மறுநாள் காலை பால்கனிப் பக்கம் எட்டிப் பார்க்காமலே கிளினிக்குக் கிளம்பினார். மாலையில் வந்து பார்த்தால், செடி ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"பாத்தீங்களா, எல்லாம் உங்க கைராசி," என்றாள் மனைவி. அரை டம்ளர் முழு டம்ளர் ஆயிற்று.

அடுத்த தடவை இரண்டு கை போட்டார்; ஆனால் எந்தத் தடவையும் காலையில் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செடி புதராகிவிட்டது. மாலையிலும் ஒரு டம்ளர் சேர்ந்தது. வெறுத்துப்போய் ஒரு பாக்கெட்டையே கரைத்து ஊற்றினார். மறுநாள் மாலை அது இடுப்பு உயரத்துக்கு ஜம்மென்று நின்றது.

"இவ்வளவு தழையை வீணாக்கலாமா?" என்று மனைவி கிளினிக்குக்கும் ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள்.

கைராசிப் பேச்சு தெருவில் பரவியது. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து நின்றார்.

"டாக்டர், எங்க ரோஜாவுக்கும் உங்க கையால கொஞ்சம் போட்டு விடுங்களேன்."

மறுக்க முடியாமல் போட்டுவிட்டு வந்தார். ரோஜா மறுநாளே கருகிவிட்டது.

"யார் கண்ணு பட்டுச்சோ. நம்ம செடியைப் பாருங்க, எப்படி இருக்கு," என்று மனைவி டம்ளரை நீட்டினாள்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. நேராக நர்சரிக்குப் போனார்.

"என்ன உரம்ங்க குடுத்தீங்க? கை நிறையப் போட்டா நிலவேம்பு கருகிடும்னு சொன்னீங்க. இது போடப் போட மரமா வளருது."

நர்சரிக்காரர் பூவாளியைக் கீழே வைத்தார்.

"கருகாம இருக்காது சார். ஒரு அம்மா அடிக்கடி இங்க வந்து நிலவேம்பு வாங்கிட்டுப் போறாங்க. வீட்டுக்காரர் அள்ளி அள்ளிப் போட்டு ஒவ்வொரு தடவையும் கருக்கிடறாராம்."

"அப்புறம்?"

"பாவம், வாழ்க்கையில மொதல் தடவையா ஒரு செடி மேல ஆசை வெச்சிருக்காரு, மனசு ஒடைஞ்சிடக் கூடாதுன்னு, அவர் சாயங்காலம் வர்றதுக்குள்ள அதைவிடப் பெரிய செடியாப் பாத்து நட்டு வெச்சிடறாங்க சார்."