தொட்டி அண்ணாச்சி வீட்டு மீன்குஞ்சுகள்

எனக்குக் கோவையாக எழுத வராது. மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சநல்லூர் முழுக்கத் தேடினாலும், ஒரு மீனுக்காகப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை நிறுத்திய மனுஷர் தொட்டி அண்ணாச்சி ஒருத்தர்தான். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கண்ணாடித் தொட்டியில் பெருவிரல் நீள மீன்கள் வளர்த்தார். முட்டை பொரிந்ததும் தாய் மீன் மஞ்சளாக மாறிக் காவல் நின்றது. அன்றைக்கே என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"யக்கா, பத்து நாளைக்குக் குக்கர் வைக்காதீய. சத்தத்துல மிரண்டா தாய் குஞ்சத் தின்னுரும்."

"பெத்த தாயா?"

"ஆமாக்கா. போன தடவ பூராத்தையும் முழுங்கிட்டா, மூதேவி!"

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பத்து நாளும் சோறு வடித்தே தின்றோம்.

அதைவிட அதிர்ச்சி, கோழி முட்டை. அண்ணாச்சி பரம சைவர். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பிறந்தநாள் வீட்டுக்கே போகாதவர். இமை மயிர் அளவுக் குஞ்சுகளுக்காக முட்டை அவித்து, மஞ்சள் கருவை வேட்டித் துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"வீட்டுக்குள்ள முட்டையா? சிவசிவா!" என்று அவர் வீட்டம்மா அலறினார்கள்.

"பச்சப் பிள்ளைகளுக்குப் பத்தியம்டி!"

பிறகு இருவரும் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவைகுண்டம் போனார்கள். சாவியை என்னிடம் தந்து, பிளாஸ்டிக் வாளியில் ஆற்றுத் தண்ணீரும் வைத்தார்.

"நாளைக்குக் காலைல பைய ஊத்துங்க யக்கா. வேற ஒண்ணும் செய்யாதீய."

பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் தண்ணீரா? மனசு கேட்கவில்லை. எங்கள் தாமிரக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, வாளித் தண்ணீரை அதில் ஊற்றி வைத்து, மறுநாள் தொட்டியில் விட்டேன்.

திரும்பி வந்தவர் தொட்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த குடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா... தாமிரம் மீனுக்கு வெசம்லா!"

நாற்பது குஞ்சுகளில் அசைந்தவை ஏழோ எட்டோ. அவற்றையே தாய் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் பாய்ந்து எழுந்து தண்ணீரை மாற்றினார். அதற்குள் வாசலில் வீட்டம்மாவின் செருப்புச் சத்தம். சட்டென்று தோள் துண்டை எடுத்துக் குடத்தை மூடினார்.

"அய்யோ! யாரு செஞ்ச வேல?"

"நாந்தான். போற அவசரத்துல மீன் மருந்தக் கூடுதலா ஊத்திட்டேன்" என்றார் அண்ணாச்சி.

தெருவே கேட்க அந்தம்மா ஏசினார்கள். தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

தாமிரத்தால்தான் குஞ்சுகள் செத்தனவா என்று விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க எனக்கு இன்னும் நா எழவில்லை.