நெற்றி சுடாத மனிதர்

வாசகர்களே, ‘எனக்குக் காய்ச்சல் வந்தே எத்தனையோ வருஷம்’ என்று அறிமுகத்திலேயே அறிவித்துவிடும் ஓரினம் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் ஆண், அறுபதைக் கடந்தவர், சளிக்காலத்தில் ஊரார் முடங்க முடங்க மார்பு விரிபவர். தேடி அலைய வேண்டாம். கரிக்கலாம்பாக்கத்து அமிர்தசாமியைப் பார்த்தால் போதும்.

விடிந்ததும் சிலுவை அடையாளம் இடுவார்; இட்ட கையைத் திருப்பி நெற்றியில் வைப்பார்; குளிர்ந்திருந்தால் அன்றைக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. பிறகென்ன, எதிர்ப்படுகிறவரையெல்லாம் நிறுத்தி, கேழ்வரகுக் கூழில் வளர்ந்த தம் உடம்பின் பெருமையை விளக்குவார். ஃப்ளூ தடுப்பூசிக்கு மருமகள் பிரியதர்ஷினி அழைத்தபோதும் அவ்வுடம்பையே காட்டி மறுத்தார்.

இவ்வாண்டு மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் ஊரில் ஃப்ளூ பரவியது. முதலில் விழுந்தவர் அவர் மனைவி ஆரோக்கியசெல்வி. உடம்பு அனலாய்க் கொதித்தது. அமிர்தசாமிக்கு அது இன்னொரு திருவிழா. பெண்ணுடம்பே இப்படித்தான், காற்று பட்டால் காய்ச்சல் என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் விரிவுரை ஆற்றினார். அவர் ஆற்றி முடிப்பதற்குள் ஆரோக்கியசெல்வி வியர்த்து எழுந்து, மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டார்.

அடுத்து அமிர்தசாமி இருமினார். இருமலா? தேருக்கு அடித்த வண்ணத்தின் நெடி. சோறு இறங்கவில்லையா? திருவிழா நவநாளுக்கான விரத ஒறுத்தல். மாடிப்படியில் மூச்சு வாங்குகிறதா? படி கட்டிய கொத்தனார் சரியில்லை. நெற்றியோ பானைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது.

தேர்பவனியன்று சப்பரத்துக்குத் தோள்கொடுக்கக் கிளம்பியவர், வேட்டியைக் கையில் பிடித்தபடி, அதை என்ன செய்வதென்று மறந்து நின்றார்.

“இன்னாங்க, ஒதடு நீலமா கீது. சப்பரம் எங்கயும் ஓடிப்பூடாது. ஆட்டோல ஏறுங்க,” என்றார் ஆரோக்கியசெல்வி.

“நெத்தியத் தொட்டுப் பாருடி. சுடுதா?”

சுடவில்லை. ஆனாலும் மகனும் மருமகளும் தூக்கி ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் பெண் டாக்டர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார். அதில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. பிழைப்பதே சந்தேகம்.

“காய்ச்சல்னா உடம்பு கிருமியோட சண்டை போடுதுன்னு அர்த்தம்யா. பொம்பளைங்க உடம்பு பெரும்பாலும் சீக்கிரமே சண்டைக்கு எறங்கிடும். வயசான ஆம்பளைங்க உடம்பு லேட்டாத்தான் முழிச்சுக்கும். உங்களுது இன்னும் தூங்குது.”

“வூட்லயும் அப்பிடித்தான் டாக்டர்,” என்றார் ஆரோக்கியசெல்வி. கை மட்டும் கணவரின் கையை இறுகப் பற்றியிருந்தது.

சப்பரம் அவர் தோளில்லாமலே ஊரைச் சுற்றி வந்தது. அவர் ஆக்சிஜன் முகமூடியோடு உயிருக்குப் போராடி, ஒருவழியாய்க் கண்விழித்தார். முகமூடியைக் கழற்றியதும் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்ன முதல் வார்த்தை:

“இவ்வளோ ஆச்சே, எனுக்குக் காய்ச்சல் வந்துச்சா பாத்தியா?”

சிரித்தீர்களா? நன்று. ஆனால் இதைப் படிக்கையில், பாதியில் எங்கேயோ, உங்கள் புறங்கை நெற்றிக்குப் போய்த் திரும்பியதே. நெற்றி குளிர்ந்திருந்ததில் உங்களுக்கு ஏன் அத்தனை மகிழ்ச்சி?