அப்டேட் அண்ணன் போட்ட மொட்டை

கோலா சிலாங்கூரில் ஓடுகிற கணினிகளில் பாதி அப்டேட் அண்ணனால் ஓடுகின்றன. மீதி அவர் கையில் சிக்காததால் ஓடுகின்றன.

நான் வேலை பார்த்த போட்டோ கடைக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். எனக்குக் காய்ச்சல் என்றால்கூட, கடைசியாக எப்போது அப்டேட் செய்தாய் என்பார். சாமி, வேண்டுதல் எதுவும் அவருக்கு ஆகாது. அவர் கும்பிட்டதெல்லாம் தன் சுருள்முடியைத்தான்.

ஒரு கல்யாண சீசனில் எங்கள் கணினி படுத்துவிட்டது. படத்தைத் திறந்தால் போதும், திரை நீலமாகி நின்றுவிடும். அண்ணன் வந்து பார்த்தார். டிஸ்க்கோடு பேசுகிற டிரைவர் மென்பொருள் பழசாம். புதிது போட்டார். அதன்பின் கணினி நிற்கவே இல்லை. அண்ணனையும் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆனால் புது டிரைவர் ஒரு காரியம் செய்திருந்தது. பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க்கையும் பென்டிரைவ் மாதிரி 'கழற்றலாம்' என்று காட்டியது. எங்கள் முதலாளி செல்வி அக்காவோ, முறைப்படி கழற்றாமல் பென்டிரைவைத் தொடவே மாட்டார். அன்றும் திரையில் கண்ணில் பட்டதையெல்லாம் ஒழுங்காகக் கழற்றினார். பக்கத்து ஊரான சுங்கை செம்பிலாங் பெண் ஒருத்தியின் கல்யாணப் படங்கள் டிஸ்க்கோடு மாயமாயின. வேறு பிரதி கிடையாது. சாயங்காலம் அவள் ஆல்பத்துக்குப் படம் பார்க்க வருகிறாள்.

கூப்பிட்டதும் ஓடி வந்த அண்ணனைப் பார்த்து அக்கா நாற்காலியில் சரிந்தார். "தம்பி, அந்தப் பிள்ளைய மறுபடி தாலி கட்டிக்கச் சொல்லவா முடியும்?"

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டார். அவ்வளவுதான். டிஸ்க்கும் வந்தது, படங்களும் வந்தன. சாயங்காலம் வந்த பெண், முகூர்த்தப் படத்தில் கண் மூடியிருக்கிறது என்று எங்களிடம் சண்டை போட்டுவிட்டுப் போனாள். எங்களுக்கு அது இனித்தது.

மறுவாரம் அண்ணன் பளபளவென்று மொட்டையோடு வந்தார். ஏன் என்று கேட்டேன். வெயிலுக்கு என்றார். நான் நகரவில்லை.

"பயத்துல சும்மா சொன்னேன்லா. முருகன் நம்பிட்டாரு. இனிமே ஏமாத்த முடியுமா?"

இப்போது நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். கணினி நின்றால் ஒரு போன் போட்டால் போதும், ஆள் வந்து சரிசெய்துவிடுகிறார். நமக்காக மொட்டை போடத்தான் இங்கே யாருமில்லை.